செட்டிநாட்டில் ஊர் கூடி வீடு கட்ட: பத்திரம் முதல் பால் காய்ச்சுவது வரை

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் குடிசையிலும் இடிந்த ஓட்டு வீட்டிலும் காலம் தள்ளும் குடும்பங்களுக்கு, ஊரார் கைகோத்துப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சிறு குழு இரண்டு ஊர்களில் பத்தொன்பது வீடுகளை முடித்திருக்கிறது. எங்களைப் பார்த்து வேறு ஊர்க்காரர்களும் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுக்கிய இடங்கள் மூன்றுதான்: பத்திரம், பணம் வந்து சேரும் காலம், ஐப்பசி மழை.

வேலைகளின் வரிசை மாறக் கூடாது. முதலில் நிலம், அடுத்து பயனாளிகள், பிறகு கூட்டாளிகளும் பணமும், அதன் பின் வரைபடம், கடைசியில்தான் கடைக்கால் (அஸ்திவாரம்). நன்கொடை கையில் வந்த உற்சாகத்தில் செங்கல்லை இறக்கிவிட்டு நிலத்தைத் தேடப் போனால், செங்கல் மழையில் நனையும், சிமெண்ட் கட்டிதட்டும், கொடுத்தவருக்கும் மனம் விட்டுப்போகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணத்துக்கு முன்னால் ஐந்து பேர் வேண்டும். வரவு செலவை அன்றன்றே எழுதும் ஒருவர், வேலை நாட்களில் தாலுகா அலுவலகத்துக்குப் போக நேரமுள்ள ஒருவர், நில அளவையோ கிராம நிர்வாகமோ பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், உள்ளூர் மேஸ்திரி ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர். பெரிய நன்கொடையாளர் இந்த ஐவரில் இருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருபவரால் வாராவாரம் நடக்கும் வேலையைக் கவனிக்க முடியாது.

பதினெட்டு மாதங்கள் ஆகும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அதில் முதல் எட்டு மாதம் காகித வேலைதான். "இன்னும் ஒரு கல்லைக்கூடக் காணோமே" என்ற பேச்சு ஊரில் எழும். அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்தால் குழுவுக்குள் சலசலப்பு வராது.

புதிதாக அறக்கட்டளை தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அரசின் வீட்டு நிதி நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். நன்கொடை வாங்கவும், அரசுத் தவணை வரும்வரை கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பப் பெறும் சுழல் நிதி வைக்கவும் மட்டுமே ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. ஏற்கெனவே பதிவாகி, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் ஊர்ச் சங்கம் இருந்தால் அதன் கீழ் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். இல்லையென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம்.

2. உங்கள் ஊர் யாருடைய எல்லையில் இருக்கிறது?

சின்னக் கேள்வி, ஆனால் இதைக் கேட்காமல் ஆறு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும், பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் கிராம ஊராட்சிகளுக்கு உரியவை. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் போன்ற பேரூராட்சிகளில் குடியிருப்பவர் அங்கே விண்ணப்பிக்க முடியாது. நகர்ப்புறத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியிருந்த பேரூராட்சி, ஊராட்சிப் பகுதிகளும் அதோடு சேர்ந்தன. பழைய ரேஷன் அட்டையில் ஊராட்சி என்று இருப்பதை நம்பி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்காதீர்கள். அண்மையில் கட்டிய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் எந்த உள்ளாட்சி என்பது தெரிந்துவிடும். செட்டிநாட்டு ஊர்கள் சில புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும். அவர்களுக்கு ஆட்சியர் அலுவலகம் சிவகங்கையில் இல்லை.

எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. மத்திய ஊரகத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், அதற்கு மேல் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தனியாகக் கூட்டித் தருகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புறத் திட்டம் 2.0-இல், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம், சொந்த மனையில் 45 சதுர மீட்டர் வரை வீடு கட்ட உதவி கேட்கலாம்.

மூன்று திட்டங்களிலும் அடிப்படை நிபந்தனை ஒன்றே: குடும்பத்துக்குப் பட்டாவுள்ள மனை இருக்க வேண்டும். கூட்டு முயற்சி உண்மையாகத் தேவைப்படும் இடம் இதுதான். வீட்டுக்குப் பணம் தர அரசு இருக்கிறது. மனையில்லாத குடும்பத்துக்கு மனையை ஊர்தான் தேடித்தர வேண்டும்.

3. நிலம்: அவசரப்படக் கூடாத இடம்

இங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை, கையெழுத்துக்குத்தான் பஞ்சம். பெரிய வீட்டுக்குப் பின்னால் முள் மண்டிக் கிடக்கும் அரை ஏக்கருக்குப் பதினான்கு பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், இருவர் மலேசியாவில். கொடுக்க முன்வருபவர் நல்ல மனதோடுதான் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். அவருக்கு உரிய பங்கு பதினான்கில் ஒன்று என்பதை அவரே மறந்திருப்பார்.

எங்கள் முதல் ஊரில் அறுபது சென்ட் கிடைத்தது. ஐந்து பங்காளிகளில் நான்கு பேர் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாமவர் பினாங்கில் இருந்தார். அவருக்குச் சம்மதம்தான், தாள் வந்து சேரத்தான் ஏழு மாதம் ஆனது. அதற்குள் எண்பது மூட்டை சிமெண்டை வாங்கி ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் அடுக்கியிருந்தோம். பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் பாறையாக இறுகியிருந்தது. தயாரித்து மூன்று மாதத்துக்கு மேலான சிமெண்டைத் தளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அடிப்படைப் பாடம். அதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றோம்.

நிலத்தைச் சரிபார்க்கும் வரிசை இது. முதலில் பட்டா. அதில் எத்தனை பெயர் இருக்கிறது, அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து மூலப்பத்திரமும், குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றும். இறந்தவர்களுக்கு வாரிசுச் சான்று. பிறகு புலப்படத்தை (நில அளவைத் துறையின் எல்லை வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து, எல்லைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்காமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள். உட்பிரிவு இல்லாத மனையைக் காட்டி வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தால், கள ஆய்வுக்கு வருபவர் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளி நேரில் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு மீண்டும் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ எழுதிக் கேட்பது சங்கடமான காரியம். தாள் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

சில நிலங்களைத் தொடவே கூடாது. கோயில் நிலம், வழக்கில் உள்ள அறக்கட்டளை நிலம், கண்மாய், ஊருணி, வாய்க்கால் புறம்போக்கு ஆகியவை அந்த வகை. "நாற்பது வருடமாகச் சும்மா கிடக்கிறது" என்பது உரிமை ஆகாது. நீர்நிலைப் புறம்போக்கில் வீட்டுமனைப் பட்டா கிடைக்காது. வீடு கட்டினாலும் ஒருநாள் இடிக்க வருவார்கள்.

பட்டா நிலத்திலும் தண்ணீரைப் பாருங்கள். நம் ஊர்கள் மழை நீரை வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொண்டுபோகும்படி அமைந்தவை. பல வரத்துக்கால்கள் இன்று தூர்ந்து, தரையோடு தரையாகத் தெரிகின்றன. சித்திரையில் காய்ந்து வெடித்துக் கிடந்த ஒரு மனையைப் பார்த்துவிட்டு வந்தோம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கருவேல மரத்தின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கறை படிந்திருப்பதைக் காட்டினார். போன ஐப்பசியில் தண்ணீர் நின்ற உயரம் அது. அந்த மனையை விட்டுவிட்டோம். நிலம் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்து வயதானவர்களோடு அரை மணி நேரம் பேசுங்கள். புலப்படத்தில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும்.

இனி, நிலத்தைக் குடும்பங்களுக்கு மாற்றித்தரும் வழி. ஒரு பெரிய நிலத்தை நாமே பன்னிரண்டாக வெட்டி எழுதிக்கொடுத்துவிடலாம் என்று நினைப்பது பெருந்தவறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிய பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை போடுகிறது. நகர் ஊரமைப்புத் துறையில் மனைப்பிரிவு ஒப்புதல் வாங்கிய பிறகுதான் தனித்தனிப் பத்திரம். பாதை அகலம் உள்ளிட்டவற்றைத் தொடக்கத்திலேயே உரிமம் பெற்ற நில அளவரோடு பேசி, எத்தனை மனை உண்மையில் தேறும் என்று கணக்கிடுங்கள். அறுபது சென்டில் இருபது மனை என்று வாய்க்கணக்குப் போட்டோம்; பாதை போக, ஆளுக்கு மூன்று சென்ட் வீதம் பதினான்குதான் தேறியது.

இன்னொரு வழி, ஏற்கெனவே நத்தத்தில் (ஊரின் குடியிருப்பு நிலத்தில்) குடியிருந்தும் பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு வருவாய்த் துறையிடம் பட்டா கேட்டு வாங்கித்தருவது. இதற்கு நிலமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம்; விடாமல் அலையும் ஒருவர் போதும். எங்கள் பத்தொன்பதில் ஐந்து வீடுகள் இப்படி வந்தவை. புது நிலம் தேடும் முன் இந்தக் குடும்பங்களை முடித்துவிடுவதே நல்லது.

நிலம் கொடுப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எங்களுக்கு நிலம் தந்த ஆச்சியும் கேட்டார்: "நாளைக்கே விற்றுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" எப்போதும் விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதினால் அது செல்லாது, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அத்தகைய முழுத் தடையை ஏற்பதில்லை. நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டால் விற்க முடியாதுதான். ஆனால் குடும்பத்தின் பெயரில் பட்டா இருக்காது, ஆகவே அரசு நிதியும் வராது. இரண்டையும் ஆச்சியிடம் விளக்கினோம். முழு உரிமையாகவே கொடுங்கள் என்றேன், கொடுத்தார். என் கருத்து இன்றும் அதுதான்: மனையை வீட்டுத் தலைவியின் பெயரில் முழு உரிமையாகக் கொடுக்க வேண்டும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. அதைவிடப் பெரிய காரணம், பெண்ணின் பெயரில் இருக்கும் மனை எளிதில் அடகுக்குப் போவதில்லை.

4. யாருக்கு வீடு என்பதை முடிவு செய்வது

பெயர்களைப் பேசும் முன் விதிகளைப் பேசுங்கள். பெயர் முதலில் வந்துவிட்டால், விதி அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்துவிடும். எங்கள் விதிகள் நான்கு: இப்போது குடிசையிலோ பாழடைந்த வீட்டிலோ குடியிருக்க வேண்டும், வேறு எங்கும் மனையோ வீடோ இருக்கக் கூடாது, ஊரில் தொடர்ந்து ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும், கைம்பெண், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை. இவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் இரண்டு வாரம் ஒட்டி வைத்தோம்.

பிறகு பட்டியலைக் கிராம சபையில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்க நேரும். ஆகவே விண்ணப்பத் தாள்களை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

நம் ஊர்களில் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருப்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஒரே தெருவுக்கு எல்லா வீடும் போனால் மற்றத் தெரு கூட்டத்தை முடக்கிவிடும். அதற்காகத் தெருவுக்கு இரண்டு என்று பங்கு வைப்பதும் அநியாயம். தேவை எங்கே அதிகமோ அங்கே அதிகம் என்று விதியைக் காட்டிச் சொன்னால், முதலில் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

5. கூட்டாளிகள்: யார் எதைத் தருவது என்று எழுதி வையுங்கள்

ஒரே தாளில் ஒவ்வொருவரும் தருவதையும் தேதியையும் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு பொருள்.

ஊராட்சி தர வேண்டியவை பாதை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு. இவற்றைக் கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் ஓராண்டு ஆகும்; மனைப்பிரிவு ஒப்புதல் வந்த அன்றே எழுத்தில் கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பு பயனாளிகளின் வங்கிக் கணக்கையும் பொருள் வரவையும் பார்க்கும். அழகப்பரின் பெயரால் காரைக்குடியில் அரசு பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. அத்தகைய கல்லூரிகளின் கட்டடவியல் ஆசிரியரிடம் வரைபடத்தைப் பார்க்கவும், கான்கிரீட் கட்டிகளைச் சோதிக்கவும் உதவி கேட்கலாம்.

நன்கொடை கேட்கும்போது ஒரே ஒரு பெரிய தொகையைத் துரத்தாதீர்கள். கோயில் காரியத்துக்குப் புள்ளிவரி, அதாவது மணமான குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக எண்ணி வரி, போட்டுப் பழகியவர்கள் நம் ஊர்க்காரர்கள். புள்ளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகை வைத்தால், எண்பது புள்ளிகள் கூடிக் கொடுத்துவிடுகின்றன. மறு ஆண்டும் கேட்க முடிகிறது. கொடுத்த ஒவ்வொருவரும் கணக்கைக் கேட்கும் உரிமையை உணர்கிறார்கள். அது குழுவுக்கு நல்லது.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் மிகக் கவனம் தேவை. மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்ற உறவினர் தருவது, அவர் நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெறாத சங்கம் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவது இதில் சேராது. எனவே நன்றிக் கடிதம் எழுதும் முன் குடியுரிமையைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, பின்னால் சங்கத்தையே சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

6. பணம் வரும் காலம்: பாதி வீடுகள் நிற்கும் இடம்

அரசு நிதி வேலைக்கு முன்னால் வருவதில்லை, வேலை முடிந்த பின்னால் வருகிறது. பேஸ்மட்டம் (தரை மட்டம் வரையிலான கட்டு) முடிந்து படமெடுத்த பிறகு ஒரு தவணை, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் குறுக்குக் கட்டு) மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, வீடு முடிந்ததும் ஒன்று. முதல் பேஸ்மட்டத்தை யார் பணத்தில் போடுவது? கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் அந்தத் தொகை இருக்காது. கந்துவட்டிக்கு வாங்குவார்கள். தவணை ஒரு மாதம் தாமதித்தால் வட்டி கட்டவே அந்தத் தவணை போய்விடும். வீடு லிண்டலோடு நிற்கும். கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் சுவர்களை எந்த ஊருக்குப் போனாலும் பார்க்கலாம்.

ஆகவே ஊர்ப் பணத்தை வீட்டுக்கு நன்கொடையாகக் கொடுக்காமல், சுழல் நிதியாக வையுங்கள். ஒரு கட்டத்துக்கு வீட்டுக்கு 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு வீடுகளுக்கு 3,60,000 ரூபாய் வேண்டும். தவணை வந்ததும் அது நிதிக்குத் திரும்ப, அடுத்த கட்டத்துக்கு அதே பணம் போகும். இப்படி நான்கு நான்காகக் கட்டினால், நான்கு லட்சத்துக்கும் குறைவான தொகை பன்னிரண்டு வீடுகளைத் தாங்கும். பன்னிரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் அதே வேலைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் தேவைப்படும்.

சுழல் நிதியை ரொக்கமாகத் தராதீர்கள். பொருள் கடைக்கும், வாரக் கூலியாக மேஸ்திரிக்கும் சங்கமே நேராகக் கொடுத்து, குடும்பத்தின் நோட்டில் பற்று எழுத வேண்டும். இது நம்பிக்கைக் குறைவால் அல்ல. கையில் ரொக்கம் இருக்கும்போது மருத்துவச் செலவோ காதுகுத்தோ வந்தால் எந்தக் குடும்பத்தாலும் மறுக்க முடியாது.

வங்கிக் கணக்கை முதல் தவணைக்கு முன்பே சோதியுங்கள். ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு செயலற்றுப் போயிருக்கிறதா என்று பாஸ்புக்கில் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். பழைய கடன் பாக்கி உள்ள கணக்காக இருந்தால் வந்த தவணையை வங்கி அந்தக் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். எங்களில் ஒரு குடும்பத்துக்கு அப்படி ஆனது. திரும்பப் பெற மூன்று மாதம் நடந்தோம். கடன் இல்லாத வேறு வங்கியில் வீட்டுக்கென்றே கணக்குத் திறப்பது பாதுகாப்பு.

7. வரைபடம்: பெரிதாக்கும் ஆசையைத் தடுங்கள்

செட்டிநாட்டில் சிறு வீட்டைக் கட்டுவது மனதுக்கு உறுத்தலாக இருக்கும். கண்ணெதிரே ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் வீடுகள். "இன்னும் ஒரு ரூம் சேர்த்துவிடலாம்" என்று பயனாளியும் சொல்வார், மேஸ்திரியும் தூண்டுவார். 360 சதுர அடிக்கு வரும் பணத்தில் 600 சதுர அடிக்குக் கடைக்கால் தோண்டுவதே வீடு பாதியில் நிற்பதற்கு முதல் காரணம். கடைக்காலுக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடும்போது குழுவில் ஒருவர் டேப்போடு கூடவே நிற்க வேண்டும்.

பிற்பாடு பெரிதாக்க வழி விடலாம். ஒரு பக்கச் சுவரில் கதவு அளவுக்கு லிண்டலை இப்போதே போட்டு, அடியில் வெறும் கல் கட்டி மூடிவிட்டால், மகன் தலையெடுத்ததும் அந்தக் கல்லை எடுத்துவிட்டு அடுத்த அறையைச் சேர்க்கலாம்.

கான்கிரீட் அல்லாத 60 சதுர அடியை வீட்டின் முகப்பில் ஓடு வேய்ந்த திண்ணையாக வைத்தோம். பகல் முழுக்க வெயில் காயும் ஊரில் மக்கள் உட்காரும் இடம் அதுதான். பெரிய வீடுகளை இடிக்கும்போது நாட்டு ஓடும் கல் தூணும் மலிவாகக் கிடைக்கும். தேக்கு நிலைகளுக்குத்தான் வியாபாரிகள் போட்டி போடுவார்கள். பழைய ஓட்டைத் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் எடுக்கலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல்.

செலவைக் குறைக்கும் முறைகளில் இரண்டு இங்கே பயன்பட்டன. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு, வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரைவிடச் சுமார் கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும்; உள்ளே இருக்கும் காற்று வெக்கையையும் தணிக்கும். தளத்தில் கம்பிகளுக்கு இடையே, கீழ்ப்பகுதியில் ஓடு வைத்துக் கான்கிரீட்டைக் குறைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவரிடம் தளத்தைச் சோதனை செய்யாதீர்கள். முதலில் கழிவறைச் சுவரில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். பொறியாளர் கையெழுத்தில்லாமல் தளத்தின் கம்பி இடைவெளியை மாற்றக் கூடாது.

ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் பூப்போட்ட தரை ஓடு) எல்லாத் தரைக்கும் கட்டுப்படியாகாது. வாசல்படியை ஒட்டி இரண்டு வரிசை மட்டும் பதித்தோம். கழிவறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி போதும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இதை மனைப்பிரிவு வரையும்போதே பார்க்காவிட்டால், ஒருவர் குழி அடுத்தவர் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

8. நாள்காட்டி

தையில் கடைக்கால், பங்குனிக்குள் லிண்டல், வைகாசிக்குள் தளம். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதம் பூச்சு வேலைக்கு ஆகட்டும். ஆவணியில் குடிபுகலாம். ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்குப் பெருமழை. அப்போது கடைக்கால் குழி திறந்திருந்தால் கரை சரிந்து, தோண்டிய கூலியே இருமடங்காகும். மார்கழியில் புது வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் கார்த்திகை, மார்கழி இரண்டையும் பொருள் விலை விசாரிக்கவும் தாள் வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் ஒரே இடையூறு, தளம் போடும் கோடையில் தண்ணீர் குறைவது. போட்ட தளத்தை ஈரமாகவே வைத்து நீராற்றத் தண்ணீர் எங்கிருந்து என்பது தெரியாமல் தளத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

9. கட்டும்போது தவறவிடக் கூடாதவை

ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் படமெடுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து இடக்குறியீட்டோடு படமெடுப்பவர் வரும் முன்பே அவசரப்பட்டு மேல்வேலையைத் தொடங்கினால் தவணை சிக்கும். பேஸ்மட்டம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே தகவல் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

தளத்துக்கான பொருளை நீங்களே கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். 300 சதுர அடியில் நாலரை அங்குலத் தளம் என்றால் சுமார் 112 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) என்ற கலவையில் சிமெண்ட் ஏறக்குறைய 26 மூட்டை. யாராவது நாற்பது மூட்டை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பதினெட்டில் முடித்துவிடலாம் என்றால் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

கான்கிரீட்டை விடியலில் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி கலவையைக் கையில் ஒரு பிடி அள்ளி அழுத்துவார். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் சிமெண்ட் பால் மட்டும் கசிந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் அந்தக் கலவையைத் தளத்தில் ஏற்ற விட மாட்டார். சித்தாள்கள் எளிதாகச் சுமக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் பின்னால் தளம் ஒழுகக் காரணம்.

மறுநாள் காலை தளத்தின் மேல் சிறு பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். நம் கோடையில் பத்து நாளுக்குக் குறையவே கூடாது; நாங்கள் பதினான்கு நாள் வைத்தோம். இந்த வேலையைக் கூலியாளிடம் விடாமல் வீட்டுக்காரப் பெண்ணிடமே ஒப்படையுங்கள். தன் வீட்டுத் தளம் காயாமல் பார்த்துக்கொள்ள அவரைவிடக் கருத்தான ஆள் கிடையாது. சென்ட்ரிங் பலகையை வாடகைக்குப் பயந்து முன்கூட்டியே பிரிக்கச் சொல்வார்கள். பொறியாளர் சொன்ன நாளுக்கு முன் தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்களைத் தொடாதீர்கள்.

10. சாவி கொடுத்த பிறகு

பால் காய்ச்சிய வாரத்திலேயே வீட்டு வரி விதிப்புக்கும் மின் இணைப்புக்கும் விண்ணப்பியுங்கள். கடைசித் தவணைக்கும் பின்னாளில் எந்தச் சான்றுக்கும் அந்த ரசீதுகளே ஆதாரம். பத்திரம், பட்டா, வரைபடம், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டுத் தலைவியிடம் கொடுத்துவிட்டு, சங்கத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியின் கூலியில் நூற்றுக்கு ஐந்து ரூபாயைப் பிடித்தம் வைக்க வேண்டும். இதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் மனத்தாங்கல் இல்லை. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் ஒவ்வொரு வீடாகப் போய், தளத்தின் அடிப்பகுதியையும், ஓட்டுத் திண்ணை சுவரோடு சேரும் இடத்தையும், ஜன்னல் மேல் சன்ஷேடையும் பாருங்கள். ஈரம் தெரிந்த இடத்தைக் கரிக்கட்டியால் வட்டமிட்டு, மேஸ்திரியை அந்த வாரமே வரவழையுங்கள். அடுத்த மழைக்கும் அந்த வட்டம் காய்ந்திருந்தால் பிடித்தத் தொகையைக் கொடுத்துவிடலாம்.